வைனோ கட்டிய கோழிக்கூடு

ஹான்காக், மிச்சிகன்
ஜனவரி 11, 1982

அன்புத் தம்பி வைனோவுக்கு,

நலம். நீ கட்டிக்கொடுத்த கோழிக்கூடும் நலம். நீ ஊரெல்லாம் கட்டும் சவுனா ஆவிக்குளியல் அறைகளைப் போலவே ஆவி வெளியேற ஓர் இடுக்கில்லை. அதுதான் சங்கதி. நேற்றுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. கூட்டுக்குள் சுவரெல்லாம் ஈரம் வழிந்து உறைந்திருக்கிறது. நாம் போதகர் என்று பெயரிட்ட சேவலுக்குக் கொண்டை நுனி வெளுத்து, இன்று கறுத்துவிட்டது. கால்விரல்கள் வீங்கிவிட்டன. கூவுவதில்லை. என்னிடம் இருப்பது ஒரே சேவல்; அவர் போனால் வசந்தத்தில் குஞ்சு கிடையாது. என்ன செய்ய?

உன் அக்கா ஐலி

காலுமெட்
ஜனவரி 16

அன்புள்ள அக்கா,

பனியை அள்ளிக் கொண்டையில் அழுத்தித் தேய். பிறகு சவுனாவில் உட்காரவை. குளிரில் விறைத்த தம் மூக்குக்கு அப்பா அப்படித்தான் செய்தார். (அவருக்கு மூக்கு நுனி இல்லாததை நீ நினைவூட்ட வேண்டாம்.) கூட்டில் மட்டும் கை வைக்காதே. நாற்பது வருஷமாக என் வேலையில் யாரும் ஓட்டை கண்டதில்லை.

வைனோ

ஹான்காக்
ஜனவரி 25

அன்புத் தம்பிக்கு,

கால்நடை மருத்துவர் ஹெல்மி வந்தார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"தேய்ச்சா இருக்கிற தோலும் போயிடும். சவுனாவா? உங்க தம்பி வைத்தியம் பாக்குறாரா, குழம்பு வைக்கிறாரா?"

போதகரின் கால்களை வெதுவெதுப்பான நீரில் வைத்து, ஒற்றித் துடைத்து, சமையலறை ஓரம் பெட்டியில் அவரைத் தனியே வைத்திருக்கிறோம். கறுத்த நுனியை வெட்டக் கூடாதாம், தானே உதிருமாம். பிறகு கூட்டுக்குள் தலையை நீட்டினார்.

"கோழிங்க விடுற மூச்சு வெளிய போகவே வழியில்லியே, ஐலி! குளிரைவிட இந்த ஈரம்தான் கொண்டையைக் கடிச்சிருக்கு."

ரம்பம் எடுத்தேன். கூரை விளிம்புக்குக் கீழே இரண்டு ஓட்டைகள். கோபமிருந்தால் எழுது, இல்லாவிட்டாலும் எழுது.

அக்கா

ஹான்காக்
மார்ச் 14

வைனோ,

நான் எழுதி ஏழு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கூட்டுச் சுவர் காய்ந்துவிட்டது. கறுத்த நுனிகள் உதிர்ந்து, போதகரின் கொண்டை இப்போது அப்பாவின் மூக்கு. ஆனால் இன்று காலை கூவினார்! பதினோரு முறை எண்ணினேன். எதிர்வீட்டு லெம்பி ஜன்னலைத் திறந்து, "வாயை மூடச் சொல்லுடீ!" என்று கத்தினாள். இவ்வளவு இனிமையாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

ஐலி

காலுமெட்
மார்ச் 19

அன்புள்ள அக்கா,

நீ ரம்பம் பிடித்தால் ஓட்டை கோணலாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் சனிக்கிழமை வந்து நேராக்கித் தருகிறேன். காபி போட்டு வை.

என் வீட்டுக் கோழிக்கூட்டில் பிப்ரவரியிலேயே ஓட்டை போட்டுவிட்டேன். உன்னுடையதில் இரண்டுதானே? என்னுடையதில் நான்கு. தேவாலயத்தில் யாரிடமும் சொல்லாதே.

என் சேவலும் கூவுகிறது. பன்னிரண்டு முறை.

தம்பி வைனோ