பதினேழாம் எண் கல்லறையும் துணி துவைக்கும் கல்லும்

அனுப்புபவர்:
சி. ரோஸ்மேரி, தையற்காரி,
த/பெ. காலஞ்சென்ற படகுத் தண்டல் சிலுவைமுத்து,
படகுக்காரர் சந்து, ராயபுரம், சென்னை.

பெறுபவர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
சென்னை கார்ப்பரேஷன், ரிப்பன் கட்டடம், சென்னை.

பொருள்: எங்கள் குடும்பக் கல்லறையைக் கல்லறைத் தோட்டக் கமிட்டிச் செயலாளர் அபகரித்தது பற்றியும், பொதுப்பகுதியில் புதைக்கப்பட்ட என் தாயாரை அங்கே மாற்ற உத்தரவு வேண்டியும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. ராயபுரம் அடைக்கல மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவர் ஓரம் உள்ள பதினேழாம் எண் கல்லறை எங்களுடையது. என் பாட்டனார் சூசை 1909-லும், துறைமுகத்தில் சரக்குப் படகுகளை ஆள் வைத்து நடத்தும் தண்டலாக இருந்த என் தந்தையார் 1931-லும் அந்த ஒரே குழியில் அடக்கமானார்கள். தலைமாட்டில் தந்தையார் பெயரும் ஒரு நங்கூரமும் வெட்டிய கல் நின்றது. அங்கே தனக்கும் இடம் உண்டு என்ற தைரியத்தில்தான் என் தாயார் சவேரியம்மாள் கடைசிவரை சாவைப் பற்றிப் பயமில்லாமல் பேசி வந்தார்.

2. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது நாங்களும் தூத்துக்குடிக்குப் போய்விட்டோம். யுத்தம் முடிந்து திரும்பி வந்தால் கல்லைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கருங்கல் மேடை எழும்பியிருந்தது. கமிட்டிச் செயலாளரும் வெங்காய மண்டி முதலாளியுமான திரு. ஆசீர்வாதம் அவர்கள், எண்கள் எல்லாம் மாறிவிட்டன, உங்கள் கல்லறை வேறு எங்கோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றார். பெரிய மனிதர் பேச்சாயிற்றே என்று வருஷக்கணக்கில் நம்பினோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

3. சென்ற ஜூலை மாதம் என் தாயார் காலமானார். சவப்பெட்டியோடு தோட்டத்து வாசலில் நாங்கள் நின்றபோது, திரு. ஆசீர்வாதம் அவர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து எல்லார் முன்னிலையிலும் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “உங்க குடும்பத்துக்கு இங்க கல்லறையே கிடையாதும்மா. பொணத்த வெயில்ல வச்சிக்கிட்டு வம்பு பண்ணாத. ஏழைங்க பக்கம் பொதச்சிட்டுப் போ.” ஆண் துணையில்லாத வீடு என்ற இளக்காரம். அவர் சொன்ன பக்கமே புதைத்தோம். அன்று நான் அழவில்லை. இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று பிடி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டேன். அதிகாரியாகிய தங்களிடம் இதை மறைப்பானேன்.

4. பிறகு பங்குச் சாமியாரின் அனுமதியோடு கோயில் மரணப் பதிவேட்டைப் பார்த்தேன். பாட்டனார், தந்தையார் இருவர் பெயருக்கும் நேரே “மேற்குச் சுவர், எண் 17, குடும்பக் கல்லறை” என்று தெளிவாக எழுதியிருக்கிறது. சாமியார் வரவழைத்துக் காட்டிய கமிட்டிப் பதிவேட்டிலோ அதே பதினேழு “காலி இடம்” என்று காட்டப்பட்டு, 1943-ல் செயலாளரின் மாமனார் அங்கே அடக்கமாகியிருக்கிறார். எண்கள் மாறிவிட்டன என்பது பச்சைப் பொய். இது போதாதென்று, மேடையில் மாமனார் பெயருக்குக் கீழே திரு. ஆசீர்வாதம் அவர்கள் தம் பெயரையும் பிறந்த வருஷத்தையும் வெட்டி, இறக்கும் வருஷத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

5. குழி வெட்டும் வரதனைக் கேட்டேன். “இன்னா பண்ணச் சொல்றம்மா? செகரட்டரி நோண்டுன்னாரு, நோண்டினேன். எலும்பு வந்துச்சு. ஒரு மூலைல ஒதுக்கி வச்சி மண்ணத் தள்ளிட்டேன். இப்பவும் அங்கதான் கீது. எங்க வந்து கேட்டாலும் சொல்றேன்” என்றார். கைநாட்டும் வைத்துக் கொடுத்திருக்கிறார், இத்துடன் இணைத்துள்ளேன்.

6. இனி அந்தக் கல்லைப் பற்றி. சென்ற மாதம் செயலாளரின் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை அளவெடுக்க என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தையற்காரி யார் மகள் என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியாது. யார் வீடு என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் போனேன். கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது, கிணற்றடியில் துணி துவைக்கும் கல் இரண்டு செங்கல் மேல் சாய்த்துப் போட்டிருந்தது. குனிந்தபோது அதன் அடிப்பக்கத்தில் நங்கூரத்தின் ஒரு கொக்கி தெரிந்தது. கையை விட்டுத் தடவினேன். சோப்பு வழவழப்புக்குள் எழுத்துகள் விரலில் தட்டின. சி, லு, வை. அதற்கு மேல் கை போகவில்லை.

ஐயா, அந்த வீட்டு அழுக்குத் துணியெல்லாம் இத்தனை வருஷமாக என் தகப்பன் முதுகில் அடித்துத் துவைக்கப்பட்டிருக்கிறது. வாயைத் திறந்தால் கல் ராவோடு ராவாக மாயமாகிவிடும் என்று பேசாமல் அளவெடுத்தேன். ரவிக்கைகளைக் குறை சொல்ல இடமில்லாமல் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

7. சமாதானமாகப் போய்விடலாம் என்று கமிட்டியார் தங்களிடம் சொல்வார்கள். எனக்குச் சமாதானம் வேண்டாம். நான் கேட்பது:

தாங்கள் முன்னறிவிப்பில்லாமல் ஆள் அனுப்பி, அந்தக் கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மாமனாரை உரிய ஜெபத்தோடு வேறிடத்துக்கு மாற்றி, என் தாயாரை என் தந்தையாரோடு வைக்க உத்தரவிட வேண்டும். செத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை.

வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியோடு நிற்கும்போது, திரு. ஆசீர்வாதம் அவர்கள் அந்தக் கல்லைத் தாமே சுமந்து வந்து பழைய இடத்தில் நட வேண்டும். கூலி ஆள் கூடாது. தூக்க முடியாவிட்டால் உருட்டிக்கொண்டு வரட்டும். இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றால் இதை மட்டும் தாங்கள் தள்ளிவிடலாம்.

அடுத்ததைத் தள்ளிவிட வேண்டாம். என் தாயாரை எடுத்த பிறகு ஏழைகள் பக்கத்தில் ஓர் இடம் காலியாகும். கமிட்டிப் பதிவேட்டில் அந்த இடத்துக்கு நேரே திரு. ஆசீர்வாதம் அவர்களின் பெயரை எழுதி, பிறந்த வருஷத்தைப் போட்டு, மற்ற வருஷத்துக்கு இடம் விட்டு வைக்கும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ராயபுரம்,
14-10-1952.

தங்கள் உத்தரவு வரும்வரை ஓயாத,
சி. ரோஸ்மேரி