நோராவின் ஒரே படம்

பெங்களூர், 2 ஜூன் 1957, ஞாயிறு

பூசை முடிந்து கமர்ஷியல் ஸ்ட்ரீட் போய் ஒரு ஃபிலிம் சுருள் வாங்கினேன். அப்பா செத்து நான் டீச்சர் வேலைக்குப் போன வருடம் டிரங்குப் பெட்டிக்குள் போட்ட கேமரா. பதினேழு வருடம். நாற்பத்திரண்டு வயதில் எதற்கு இந்த ஆசை? தங்கை நோராவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது, அதற்குத்தான். காசநோய் ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் மர்பி டவுனில் எல்லாருக்கும் தெரியும்.

கேமராவைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டாள். "கன்னத்துல கொஞ்சம் சதை வரட்டும்க்கா. அப்புறம் எடு."

9 ஜூன்

படங்கள் வந்தன. கை மறந்துவிட்டது. மாதா கோவில் கோபுரம் சாய்ந்து நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. நோரா இருமல் வரும்வரை சிரித்தாள். தலை இல்லாமல் இவர்கள் இன்னும் அழகு என்றாள்.

18 ஜூன்

அடுத்த தெரு ஹெர்பர்ட் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டும்போது மண் சரிந்து செத்துப்போனான். முட்டுக் கொடுக்கப் பலகை கேட்டானாம், காண்ட்ராக்டர் தரவில்லை. அடக்கத்துக்கு முன் அவன் பெண்டாட்டி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "முகம் தெரியுற மாதிரி எடுங்க டீச்சர். பிள்ளைங்களுக்கு வேற படமே இல்லை."

வழக்கம்போலப் படத்துக்காகச் சவப்பெட்டியின் தலைமாட்டை உயர்த்தி வைத்தார்கள். சுற்றிலும் குடும்பம் நின்றது. எடுத்தேன். ஏழை முதல் முறை படத்துக்கு நிற்பதே, இல்லை, படுப்பதே இப்படித்தானா?

24 ஜூன்

நோரா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். "எல்லாரும் கேமராவைப் பாக்குறாங்க. அந்த ஆளை ஒருத்தரும் பாக்கலை." படத்தைத் திருப்பிக் கொடுத்தபடி, "என்னை இப்படி எடுக்காதக்கா."

தெருவில் எனக்குப் பேர் வந்தாயிற்று. சாவுப்பட டீச்சர். கேமராவோடு போனால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுக்கிறார்கள்.

30 ஜூன், ஞாயிறு

அண்ணன் சிரில் வந்தார். மகளுக்குக் கோலார் தங்கவயலில் மாப்பிள்ளை பேசியிருக்கிறார். நோரா மைசூர் கான்வென்ட்டில் இருப்பதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறாராம். நான் அவளைப் படம் எடுக்கப் போவதாக அவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"படம்னு ஒண்ணு இருந்தா நாலு பேர் கண்ணுல படும். பாத்தாலே என்ன சீக்குன்னு தெரிஞ்சிடும். என் பொண்ணு வாழணும், பியாட்ரிஸ்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம். நோரா திரைக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

3 ஜூலை

ரத்தம்.

14 ஜூலை, ஞாயிறு

அவளே கேட்டாள். பின்வாசலில் வெயிலில் நாற்காலி போடச் சொன்னாள். நல்ல சேலை எடுத்து வந்தேன். வேண்டாம் என்றாள். கழுத்தெலும்பை மறைக்க முந்தானையை இழுத்துவிட்டேன். தள்ளிவிட்டாள்.

"சதையெல்லாம் இனி வராது. அண்ணன் பாக்கக் கூடாதுன்னாரே, அதையே எடு. தலையை மட்டும் வெட்டிடாத."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எடுத்தேன். ஒன்றுதான். அதற்குள் களைத்துவிட்டாள்.

22 ஜூலை

நோரா போய்விட்டாள்.

23 ஜூலை

அடக்கம். பெட்டியின் தலைமாட்டை உயர்த்தி, வயதுப்படி எல்லாரையும் நிறுத்தினார் அண்ணன். தங்கவயல்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சொன்ன காரணம் விஷக்காய்ச்சல். "எல்லாரும் நிக்கிறோம், எடு" என்றார். மாட்டேன் என்றேன். ஸ்டுடியோ ஆளை வரவழைத்தார்.

நானும் போய் நின்றேன். அந்த ஆள் இங்கே பாருங்கள் என்றபோது நான் அவளைப் பார்த்தேன்.

21 ஆகஸ்ட்

முப்பதாம் நாள் பூசை. நினைவு அட்டைக்கு உயிரோடிருந்த படம் வேண்டும் என்று போன வாரம் அண்ணி மௌரீன் வந்து கேட்டபோது அந்த ஒன்றைக் கொடுத்திருந்தேன். இப்போதாவது காட்டட்டுமே என்று.

அட்டை வந்தது. ஸ்டுடியோவில் தூரிகையால் கன்னத்தில் சதை வைத்திருக்கிறார்கள். கழுத்தெலும்பு இருந்த இடத்தில் தங்கச் சங்கிலி. சிரித்த வாயை மூடிவிட்டார்கள். நோரா மாதிரியே இருக்கிறது என்று கோவிலில் எல்லாரும் சொன்னார்கள். யாரைச் சொல்கிறார்கள்?

அண்ணியிடம் கோபமாகக் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கல்யாணத்துக்காக மட்டும் இல்லம்மா. நீ குடுத்த படத்தைப் பாத்து அவரு ரெண்டு நாள் சாப்பிடலை. அப்புறம்தான் ஸ்டுடியோவுல கொண்டுபோய்க் குடுத்தாரு."

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

எதிர்வீட்டு ஜானகி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உயிரோடிருக்கிற ஆளை எடுக்கச் சொல்லி இந்தத் தெருவில் வந்த முதல் ஆள். பிள்ளைக்குத் தலையெல்லாம் சிரங்கு. மொட்டையடித்து மஞ்சள் மருந்து பூசியிருந்தது. இப்போது கேட்டு வைத்துக்கொள்ளத்தான் வந்தாளாம். முடி வளர்ந்த பிறகு எடுக்கலாமா டீச்சர் என்றாள்.

இப்போதே நிற்கட்டும் என்றேன்.