எல்லோரும் கை தூக்கிய கூட்டம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இப்போது எனக்கு யாரும் போன் செய்வதில்லை. அங்கே மெல்போர்ன் பக்கம் உனக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். "என்ன பாப்பா, வூட்ல எல்லாரும் சௌக்கியமா, கட்சியில என்ன நடக்குது?" என்று ஒரே மூச்சில் கேட்பாய். வீட்டைப் பற்றிக் கேட்டது ஒப்புக்கு என்று எனக்குத் தெரியும்.

நீ கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன். இங்கே காதுகொடுத்துக் கேட்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் பேரூராட்சித் தலைவி ராஜம்மா அக்காவைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் அண்ணா. இறக்கியது எதிர்க்கட்சி என்றால் மனம் ஆறியிருக்கும். எங்கள் கட்சியேதான் செய்தது. நான் மூன்றாவது வார்டில் கவுன்சிலருக்கு நின்றபோது என்னோடு ஒரே ஆட்டோவில் ஏறி, தொண்டை கட்டும்வரை எனக்கும் சேர்த்து ஓட்டுக் கேட்டவர் அவர். பேருந்து நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட ஒற்றை ஆளாக நின்று சாதித்தவர்.

சென்னையில் இரண்டு தலைவர்களுக்கு ஒத்துவரவில்லை. அந்தச் சண்டை தர்மபுரிக்கு வந்தது, பாலக்கோட்டுக்கு வந்தது, கடைசியில் எங்கள் தெருவுக்கும் வந்தது. கட்சியின் பேரூர்ச் செயலாளர் ஒரு நாள் காலையில் நாலு பேரோடு வந்து, நம்பிக்கையில்லாத் தீர்மானக் கடிதத்தை என் முன்னால் நீட்டினார்.

"ஒரு கையெழுத்துதாங்க்கா. மேலிடத்து உத்தரவு."

"அவங்க என்ன தப்புப் பண்ணாங்க?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆளு அந்தப் பக்கத்து ஆளு. அவ்வளவுதான்."

அவர் அதை மறைக்கக்கூட நினைக்கவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நான் கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் எதற்குப் பொய்? காய்கறி மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "போட்டுக் குடு, எதுக்கு வம்பு" என்றார். அவர்மேல் பழி போடவும் முடியாது. பேனாவைப் பிடித்தது என் கை.

அவர்கள் போன பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். உன் நினைவுதான் வந்தது.

அந்த நாட்டுக்குப் போன புதிதில் எவ்வளவு பெருமை உனக்கு! "ஓட்டுப் போடலைன்னா இங்க அபராதம் பாப்பா. பள்ளிக்கூடத்துல ஓட்டு, வாசல்ல ரொட்டிக்குள்ள சாசேஜ்னு ஒரு கறிய வெச்சு விக்கிறாங்க. சண்டை கிண்டை ஒண்ணுமில்ல." அங்கேயும் ஒரு கட்சியில் சேர்ந்து, வெல்டிங் வேலை முடிந்து வந்து துண்டுச் சீட்டுகள் கொடுத்தாய். அப்புறம் ஒரு நாள் குரல் இறங்கிப்போய்ப் பேசினாய். "காப்பிக்குத் தண்ணி வெச்சேன். அது கொதிக்கறதுக்குள்ள பிரதமர மாத்திட்டாங்க. சொந்தக் கட்சிக்காரங்களே. ஜனங்க டிவியப் பாத்து சிரிக்கிறாங்க பாப்பா. கோவப்பட்டாக்கூடப் பரவால்ல, சிரிக்கிறாங்க."

கிரஹாமைப் பற்றி நீ ஒரே ஒரு முறைதான் சொன்னாய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு. உன்னைக் கட்சியில் சேர்த்துவிட்ட பெரியவர், உங்கள் ஊர்க் கிளைத் தலைவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேலே இரண்டு கோஷ்டியானதும் அவரை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நீயும் கை தூக்கினாய். அன்றைக்கு அவர் காரில்தான் கூட்டத்துக்குப் போயிருந்தாய். முடிந்ததும், "வா, வீட்டில் விடுகிறேன்" என்று அவரே கூப்பிட்டார்.

"இருவது நிமிசம் பாப்பா. அவரு ஒண்ணும் பேசல. நானும் பேசல. வாசல்ல எறக்கிவிட்டு, பாத்துப் போன்னு சொன்னாரு. அப்புறம் நான் அந்த மனுசன் மூஞ்சியில முழிக்கல."

அடுத்த மாதமே கட்சியை விட்டுவிட்டாய். ஆனாலும் என்னிடம் மட்டும் ஞாயிறு தவறாமல் கட்சிக் கதை கேட்டாயே, ஏன்? என் மூலமாவது எதையாவது நம்பப் பார்த்தாயா?

கூட்டத்தன்று அதிகாரி தீர்மானத்தை வாசித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ராஜம்மா அக்கா எங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையாகக் கைகள் உயர்ந்தன. எதிர்க்கட்சி உறுப்பினர்களும் சந்தோஷமாகத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

"அக்கா, கையத் தூக்குங்க," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"இல்லீங்க."

"கையெழுத்துப் போட்டீங்களே!"

"போட்டது தப்புங்க."

பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. என் ஒரு கை இல்லாமலே தீர்மானம் ஜெயித்தது. வெளியே வந்ததும் ராஜம்மா அக்கா என் கையைப் பிடித்து அழுதார். என் மனதுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது அந்த ஒரு நாள்தான் அண்ணா.

மூன்றே வாரம். சென்னையில் தலைவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திச் சமாதானமாகிவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் ராஜம்மா அக்கா தன் இடத்துக்கு வந்த புதுத் தலைவருக்கு மாலை போட்டார், செயலாளரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு மாவட்டத்தில் ஏதோ பொறுப்பு தருகிறார்களாம். நான் மேடைக்குக் கீழே நின்றிருந்தேன். இறங்கி வரும்போது மெதுவாகச் சொன்னார்: "கட்சின்னா இப்படித்தான் பூங்கொடி. நீ அன்னைக்கு எல்லாரு மாதிரி தூக்கியிருக்கலாம்."

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சிரித்திருப்பாயா?

இப்போது இரண்டு பக்கத்தாருக்கும் நான் ஆகாதவள். கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது. கட்சி வாட்ஸ்அப் குழுவில் நான் வணக்கம் போட்டாலும் பதில் வருவதில்லை. அண்ணி எப்போதாவது கூப்பிடுகிறார். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். அரசியல் பேச்சை எடுத்தாலே அவர் குரல் மாறுகிறது. நானும் விட்டுவிடுகிறேன்.

போன வாரம் என் வார்டில் இருக்கும் மேட்டுத் தெருவுக்குப் போனேன். முனியம்மா குழாயடியில் இருந்தார். போன தேர்தலில் எனக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். "இனிமே ஓட்டுப் போடப் போறதில்லீங்க," என்றார். "யாருக்குப் போட்டா என்னாங்க? நாங்க போட்டதும் உங்க பாட்டுக்கு ஆள மாத்திக்கறீங்க." அவர் குரலில் கோபமே இல்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

அண்ணா, நீ அன்றைக்குப் போனில் சொன்ன சிரிப்பு எதுவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் போட்ட அந்தக் கையெழுத்தும் முனியம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ?

நான் கை தூக்காமல் இருந்ததால் ஊர் திருந்திவிடும் என்றெல்லாம் எண்ணவில்லை. அடுத்த முறை கட்சி எனக்குச் சீட்டுத் தராது. சுயேச்சையாக நிற்கத் தெம்பு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு வாக்கு மட்டும் உனக்குத் தருகிறேன். நான் கையெழுத்துப் போட்டதையும் பிறகு கை தூக்காததையும் மேட்டுத் தெருவில் வீடு வீடாகப் போய் என் வாயாலேயே சொல்வேன். முதலில் முனியம்மா வீட்டுக்கு, நாளைக் காலையிலேயே போகிறேன். கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் போவேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
பூங்கொடி