மிதக்கும் தவளையைத் தூக்கிப் போடாதே

ரோடெல்,

சோறு குக்கர்ல இருக்கு. செபு ஊர்க் கருவாடு பொரிச்சு மூடி வச்சிருக்கேன். உங்க அக்கா வந்தா அவங்களுக்கும் போடு.

மீன்தொட்டியில நான் வளர்க்கிற தவளைங்களுக்குப் புழுவை இடுக்கியால மூக்குகிட்ட நீட்டு. மேல தூவினா மீனுங்க தின்னுடும்.

ஒண்ணு கைகால விரிச்சு மிதந்தா, நேத்து மாதிரி "செத்துப்போச்சு"ன்னு குப்பையில போட்டுடாதே. அது ஓய்வெடுக்கிற விதமே அதுதான். நான் குப்பையிலேர்ந்து எடுத்ததும் காலை உதைச்சுதே, பார்த்தேல்ல? அதுக்கப்புறமும் "என்னைவிட உனக்குத் தவளைதான் பெருசு"ன்னு சொன்னே. ரெட்டை ஷிப்ட் முடிச்ச அசதியில நான் அப்படியே கட்டில்ல விழுந்துட்டேன். இன்னைக்கும் ஆஸ்பத்திரியில ரெட்டை ஷிப்ட்.

மாரிசெல்

மறந்துட்டேன்: தொட்டியில தண்ணிய விளிம்புவரை ஊத்தாதே. அதுங்க மேல வந்துதான் மூச்சு விடணும்.

இன்னொண்ணு. நான் வந்ததும் பேசாம கைகால விரிச்சுக் கட்டில்ல கிடந்தா, கோபம்னு நினைச்சுப் பாயைத் தூக்கிட்டு முன்னறைக்குப் போயிடாதே. பக்கத்துலயே படு.