துப்பாக்கி இல்லாமல் கடைக்குப் போன அப்பா

அன்பு மகள் டெலானிக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள் கண்ணு, தம்பியைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, வந்து உட்காரும்போது பாதி ராத்திரி ஆகிவிட்டது. இங்கே மூன்று பேரும் சுகம், அப்பாவின் மானத்தைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடியாக இருக்கிறது. நீ அலாஸ்காவுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? வேலைக்குச் சேரும் அந்த மீன் தொழிற்சாலையில் போன் எடுக்காது என்று நீ சொன்னபோது சரி சரி என்று தலையாட்டிவிட்டேன், விமானம் கண்ணுக்கு மறைவதற்குள் ஏன் ஆட்டினோம் என்று ஆகிவிட்டது. காலுறை ஈரமானால் உடனே மாற்று. கரடி வந்தால் ஓடாதே என்று அப்பா எழுதச் சொன்னார், கரடி வரும் பக்கமே போகாதே என்று நான் எழுதுகிறேன்.

நீ கிளம்பிய மறுநாள் காலை அப்பா வழக்கம்போலத் துப்பாக்கியை எடுக்க இரும்புப் பெட்டியின் எண்களை அழுத்தியிருக்கிறார். பெட்டி கீச்கீச்சென்று கத்தியதே தவிரத் திறக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதிலேயே மறதி வந்துவிட்டது என்று மனிதர் பயந்துபோய் என்னிடம் மூச்சுவிடவில்லை. சர்ச் விருந்துக்கு உருளைக்கிழங்கு சாலட் செய்ய வேண்டும், கிளம்புங்கள் என்று நான் அவசரப்படுத்த, வெறும் உறையை மட்டும் இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை. அது இல்லேன்னா எனக்கு நடை கோணுதுடி என்று இப்போது காரணம் சொல்கிறார்.

எத்தனை வருஷமாக வெளியே தெரியும்படி துப்பாக்கியோடு அந்த மளிகைக் கடைக்குப் போகிறார், ஒருத்தராவது திரும்பிப் பார்த்ததுண்டா? ஒரே ஒரு தடவை கலிபோர்னியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு அம்மா அலறிப் போலீஸைக் கூப்பிட்டாள். நம் ஊர்ப் போலீஸ்காரர் ஹோலிஸ் வந்து, பயப்படாதீங்கம்மா, இந்த ஊர்ல இது சட்டப்படி சரி, அதுவுமில்லாம இவன் சுட்டு ஒரு மான்கூடச் செத்ததில்ல என்று அவளைத் தேற்றிவிட்டு, அப்பாவோடு அரை மணி நேரம் மீன்பிடிக் கதை பேசிவிட்டுப் போனார். துப்பாக்கி இருந்தபோது அப்படி. அன்றைக்கு இல்லை, ஊரே திரும்பிப் பார்த்தது. அடப்பாவி வெர்லின், உன் துப்பாக்கி எங்கேயோ விழுந்துடுச்சுய்யா என்று கல்லாவிலிருந்த வில்மா போட்ட சத்தத்தில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

வீட்டில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால் அப்புறம் ஏன் காலி உறை என்று கேட்பார்கள், எண் மறந்துவிட்டது என்று ஊர் முன்னால் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அப்படியா என்று தானும் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான், வில்மா போலீஸுக்குப் போன் போட்டாள், ஹோலிஸ் வந்து கதவைச் சாத்தி, யாரும் நகராதீங்க, குழந்தைங்களைத் தூக்கிக்குங்க, தரையைப் பாருங்க என்றார். நம் பாதிரியார் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தலையை விட்டார். யாரோ தர்பூசணிக் குவியலைக் கலைத்துவிட, அது ஒரு பக்கம் உருண்டு ஓடியது. வெங்காயக் கூடைக்கு அடியில் மண்டி போட்டுத் தேடிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? உன் அப்பா! எனக்கு உள்ளபடியே உயிர் போய்க்கொண்டிருந்தது, ஏதாவது பிள்ளை கையில் கிடைத்துவிட்டால் என்ன செய்வேன் என்று தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த தம்பி ஓட்டிஸை வண்டியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வண்டிக்குள்ளிருந்துதான், வாய் நிறைய பிஸ்கட்டோடு, உன் தம்பி சொன்னான், அப்பா அது பெட்டிக்குள்ளதானே இருக்கு, அக்காதான் நம்பரை மாத்திட்டாளே என்று. எல்லோரும் தரையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். உனக்கு எப்படிடா தெரியும் ராஜா என்று ஹோலிஸ் குனிந்து கேட்டார். பழைய நம்பர் எனக்குத் தெரியும், அப்பா பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே அமுக்குவாரு, நாற்காலி போட்டு ஏறி நானும் அமுக்கினேன், திறந்துச்சு, அக்கா ஓடி வந்து இறக்கிவிட்டுட்டா, இப்ப திறக்கவே மாட்டேங்குது என்றான், குறை சொல்கிற குரலில். நாலு வயது, டெலானி. அப்பா முழங்காலில் வெங்காயத் தோலோடு எழுந்து, பெல்ட்டை அவிழ்த்து, உறையை உருவி, எங்கே வைப்பது என்று தெரியாமல் உருளைக்கிழங்குப் பைக்குள் வைத்தார். வெர்லின், இதுக்கு அபராதம் போட என்கிட்ட சட்டம் இல்லடா, இருந்திருந்தா போட்டிருப்பேன் என்று சொன்ன ஹோலிஸ், வாசல் வரை போய்த் திரும்பி, உன் பொண்ணு எப்ப வர்றா, என் ஆபீஸ்ல ஒரு ஆள் தேவைப்படுது என்றார்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. சொல்லியிருந்தால் பயத்தில் உன்னை விமானம் ஏற விட்டிருப்பேனா, நினைத்துப் பார்த்தால் அதுவும் புரிகிறது. நாற்காலியைக் கொட்டகையில் போட்டுவிட்டேன். பூட்டியிருக்கிறது என்று தெரிந்தும் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்துபோய்ப் பெட்டிக் கதவை இழுத்துப் பார்க்கிறேன். அப்பா ஒரு பக்கம் சாய்ந்தபடி வெறும் இடுப்போடு நடமாடுகிறார், பார்க்கிறவர்கள் எல்லாம் கிடைச்சுதா வெர்லின் என்று கேட்கிறார்கள். நேற்று அவரே வந்து, புது நம்பரை எனக்குச் சொல்ல வேணாம், டெலானியை உன்கிட்ட மட்டும் சொல்லச் சொல்லு, எனக்கு வாய் நிக்காது என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேவன் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கையும் காலும் கதகதப்பாக இருக்கட்டும். புது நம்பரைத் திறந்த கார்டில் எழுதிவிடாதே, தபால் ஆபீஸ் அம்மா படித்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஒட்டிய கவரில், என் பெயருக்கு. எண் எழுதத் தோன்றாவிட்டாலும் போகட்டும், நீ நன்றாக இருக்கிறாய் என்று இரண்டு வரியாவது எழுது. சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
லோரெட்டா