வளைவில் சாயாத டேனிஷ்காரன்

வெள்ளி இரவு, மாசி 1995, பேர்ண், சுவிஸ்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளுவது என் வேலை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்த லார்ஸ் என்ற டேனிஷ்காரன் சில கிழமைகளாக என் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் அரைகுறை ஜேர்மன்தான். என்னை "அண்ணை" என்று கூப்பிட அவனைப் பழக்கியிருந்தேன். அவன் ஓடிய பந்தயத் தடங்களின் பெயரெல்லாம் எனக்கு வரிசையாகப் பாடம். நடைகூடம் திரும்பும் இடமெல்லாம் பந்தயத்தில் போவதுபோல உடம்பை உள்ளே சாய்ப்பான்.

"கதிரையைக் கவிழ்த்துப்போடாதை தம்பி!"

"இன்னும் வேகமா அண்ணை!"

இன்று டொக்டர் சொல்லிவிட்டார். முழங்கால் இனி மடியாது, பந்தயம் முடிந்தது. திரும்பி வரும்போது எல்லா வளைவிலும் நிமிர்ந்தே இருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

"உயிர் தப்பினதே பெரிசு. வேற வேலையோ இல்லை?" என்றேன்.

"பதினாறு வயசிலயிருந்து ஓட்டுறன். வேறொண்டும் தெரியாது." என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான். "உங்கட வேலைக்கு ரெண்டு காலும் வேணுமோ அண்ணை?"

யோசிக்காமல் "ஓம்" என்றுவிட்டேன்.

கட்டிலில் ஏற்றிவிட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாளைக்கும் என்னைத்தான் அனுப்புவார்கள். எந்த முகத்தோடு போய்...