சுருட்டைக்குத் தெரிந்த சொல்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. கத்திரி ஆன்ட்டியிடம்கூடக் காட்டாதே, விஷயத்தை மட்டும் வாயால் சொல். படித்ததும் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடு. எரித்தால் வாசனை வரும்.

கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இப்போது நேரம் இல்லை. காலையில் கடைகள் திறப்பதற்கு முன்னால் நீ கத்திரி ஆன்ட்டி கடையின் அந்த மாடி அறையைவிட்டுப் போய்விட வேண்டும். நாளைக்குச் சுருட்டையை முடிவெட்ட அப்பாவே அங்கே கூட்டிக்கொண்டு வருகிறார்.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. சுருட்டை என் முழங்காலில் தாடையை வைத்துப் படுத்திருக்கிறது. நான் அழுதால் முகத்தை நக்க வந்துவிடும், டார்ச் ஆடும், அதனால் அழாமல் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீ அங்கே இருப்பது அம்மாவுக்கும் எனக்கும் கத்திரி ஆன்ட்டிக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சுருட்டைக்கும் தெரியும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

நீ இதைக் குட்டியாகக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? பூடில் நாய்க்கு முடி உதிராது என்று நீ சொன்ன ஒரே காரணத்துக்காகத்தான் அப்பா சரி என்றார். கண்ணாடி வெட்டுகிற மேஜையில் ஒரு முடி கிடந்தாலும் அவருக்குப் பிடிக்காதே. உதிராத முடி வளர்ந்துகொண்டே இருக்கும், மாதம் தவறாமல் வெட்ட வேண்டும் என்பதை நீ சொல்லவில்லை. அப்புறம் அது தெரிந்தபோது, "நாய் வாங்கலை, ஒரு தோட்டத்தை வாங்கிட்டு வந்திருக்கா" என்று கத்தினாரே. அந்தத் தோட்டம்தான் இத்தனை நாளும் நம்மைக் காப்பாற்றியது. அம்மா வெளியே போக அவர் கேள்வி கேட்காமல் விடும் ஒரே வேலை, சுருட்டைக்கு முடி வெட்டுவது.

நீ போன பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்பது வாரத்துக்கு ஒருமுறை ஆகிவிட்டது. வெட்ட முடியே இல்லை என்று உனக்குத்தான் தெரியுமே. கத்திரி ஆன்ட்டி கீழே காற்றில் கத்திரியை ஆட்டிச் சத்தம் வரவைப்பார், அம்மா மாடியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சுருட்டை உன் மடியில் கிடக்கும். வீட்டுக்கு வந்தால் அப்பா நாயைப் பார்த்துவிட்டு, "எதை வெட்டினாங்க, நகத்தையா?" என்பார். அம்மா காதுமுடி என்பாள், பாதத்துமுடி என்பாள். கடைசியில் ஒருநாள் வாலின் நுனி என்றாள். நான் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

வீட்டில் எல்லா ஜாக்கிரதையும் எடுத்தோம், அக்கா. 'அக்கா' என்று சொன்னால் சுருட்டை வாசலுக்கு ஓடுகிறது என்று அந்தச் சொல்லை விட்டோம். 'அவள்' என்றோம். நாலு நாளில் அதையும் பிடித்துக்கொண்டது. பிறகு நீயும் நானும் சின்ன வயதில் பேசிய க பாஷைக்குப் போனோம். 'வருவாள்' என்பதற்கு 'கவ கரு கவாள்'. அம்மாவுக்கு நாக்கு சுழலவே இல்லை, பாவம், தோசைக்கல் முன்னால் நின்று முணுமுணுவென்று பயிற்சி செய்வாள். அம்மாவுக்கு வருவதற்கு முன்னால் சுருட்டைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் என்னைவிட அதிகம் மார்க் வாங்கியிருக்கும். இந்த வீட்டில் பொய் சொல்லலாம், ஆனால் சுருட்டை முன்னால் சொல்ல முடியாது. பேச்சு புரியாவிட்டாலும் மூச்சு மாறுவது அதற்குப் புரிகிறது.

அதனால் உன்னைப் பற்றிய சொல் எல்லாவற்றையும் ஒளித்துவைத்தோம். 'முடிவெட்டு' என்ற சொல்லை மட்டும் ஒளிக்கவில்லை. அது ரகசியம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

முன்பெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டால் அது என்ன செய்யும்? பீரோவுக்குப் பின்னால் போய் முகத்தைச் சுவரில் வைத்துக்கொள்ளும். நீதான் பின்னங்காலைப் பிடித்து இழுப்பாய். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்று சாப்பிடும்போது அம்மா எதுவும் சொல்லவில்லை. அப்பாவேதான் ஆரம்பித்தார். "போன வாரம்தானே முடிவெட்டிட்டு வந்தீங்க, மறுபடியும் நாளைக்கா? இன்னும் வெட்டினா தோல்தான் மிச்சம்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த சுருட்டை துள்ளி எழுந்து சுற்றியது. ஆணியில் தொங்கிய கயிற்றைக் கவ்வி இழுத்துப் போட்டது. அது போதாதென்று செருப்பு அலமாரிக்குப் போய், அடித்தட்டில் அம்மா மறைத்துவைத்திருந்த உன் பழுப்புச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்தது.

அப்பா மென்றுகொண்டே இருந்தார். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துக் கீறல் தேடுவாரே, அப்படிப் பார்த்தார். பிறகு மெதுவாக, கொஞ்சுகிற குரலில், "கடைத்தெருவுக்குப் போலாமா?" என்று கேட்டார். சுருட்டை வாலை மட்டும் ஆட்டியது. "பூங்காவுக்குப் போலாமா?" அதற்கும் வால்தான். "முடிவெட்டிக்கலாமா?" என்றார். செருப்பை வாயில் வைத்துக்கொண்டே மறுபடி சுற்றியது.

அதன் பிறகு அவர் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து அதற்கு ஊட்டினார். அக்கா, அவர் இதுவரை ஒருநாளாவது அதற்கு ஊட்டிப் பார்த்திருக்கிறாயா? கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். உனக்கும் அலைச்சல்தானே. நீ வீட்ல ரெஸ்ட் எடு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், கடையில ஆள் இருக்காது" என்றாள். "கடை ஒருநாள் திறக்கலைன்னா கண்ணாடி ஒண்ணும் அழுகிப்போயிடாது" என்றார். அம்மாவின் போனை சார்ஜ் போடுகிறேன் என்று தன் அறைக்கு எடுத்துப்போய்விட்டார். வாசல் சாவி அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பெரியப்பாவுக்குப் போன் செய்து, "காலையில வண்டிய எடுத்துட்டு வா, ஒரு சின்ன வேலை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நாய்க்கு முடி வெட்ட வண்டி எதற்கு? நீ நினைப்பதுதான். எனக்கு அதை எழுதக் கை வரவில்லை.

பாத்திரம் தேய்க்கும்போது அம்மா குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் என் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "எழுது." அவ்வளவுதான். தேய்த்த டம்ளர்களையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

என் ஜன்னல் கம்பியில்தானே பால் பை தொங்குகிறது, இதை மடித்து அதற்குள் போட்டுவிடுவேன். விடிவதற்கு முன்னால் பால்காரர் இங்கே வந்துவிட்டு, அடுத்ததாக உங்கள் தெருவுக்குத்தான் வருவார். அவருக்கு அப்பாவைப் பிடிக்காது, சைக்கிளை எட்டி உதைத்த நாளிலிருந்து. கடிதத்தின் வெளிப்பக்கத்தில் கத்திரிக் கடை என்று மட்டும் எழுதப்போகிறேன். கொடுத்துவிடுவார். கொடுக்க வேண்டும். இதைத் தவிர என்னிடம் வேறு வழி இல்லை.

வேறு வழி ஒன்று இருந்தது. அதையும் செய்து பார்த்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் படுத்த பிறகு சுருட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதோரம் மெதுவாக 'முடிவெட்டு' என்று சொல்லி, காதைக் கிள்ளினேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே அது பயப்பட வேண்டும், பழையபடி பீரோவுக்குப் பின்னால் ஒளிய வேண்டும் என்று. எதையும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும் நாய்தானே, இதையும் கற்றுக்கொள்ளாதா என்று நினைத்தேன். முதல்முறை விளையாட்டு என்று நினைத்து என் விரலைக் கவ்வியது. மறுபடி சொல்லிப் பலமாகக் கிள்ளினேன். சத்தம் போடவில்லை, அக்கா. கத்தினால் எனக்கு அடி விழும் என்று அதற்குத் தெரியுமோ என்னவோ. மடியிலிருந்து இறங்கிப் போனது. சரி, பயந்துவிட்டது, போதும் என்று நினைத்தேன். சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தது. காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்திருக்கிறது, அதனால்தான் வலிக்கிறது, நான் சீவிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டதாம். காதைத் திருப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

சீவிவிட்டேன். நீ சொல்லிக் கொடுத்த மாதிரி, முடியைப் பிரித்துப் பிரித்து, தோல்வரைக்கும். மேலே மட்டும் சீவினால் உள்ளே கம்பளி மாதிரி இறுகிவிடும் என்பாயே. அதற்கப்புறம் என்னால் கிள்ள முடியவில்லை. என்னை மன்னித்துவிடு. நாளைக்கு அப்பா அந்தச் சொல்லைச் சொல்வார், அது சந்தோஷமாக அவரை உன்னிடம் கூட்டிக்கொண்டு வரும். அவர் கயிற்றைக் கையிலிருந்து விட்டாலே போதும்.

அதனால் நான் சொல்வதை அப்படியே செய். உன் துணி, தலையணை உறை, போர்வை எதையும் விட்டுவிட்டுப் போகாதே. கத்திரி ஆன்ட்டியை மாடிப்படியைப் பினாயில் விட்டுக் கழுவச் சொல். கைப்பிடியையும் துடைக்கச் சொல், நீ இடதுகையால் பிடித்துத்தானே ஏறுவாய். வலதுகை மணிக்கட்டில் கட்டுப் பிரித்துவிட்டார்களா? மழை வந்தால் வலிக்கிறது என்று அம்மா சொன்னாள். அப்பா உன்னை அடித்த அந்த அளவுகோல் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அப்பா அதை எடுக்கும் சத்தம் கேட்டாலே சுருட்டை இப்போதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இப்போது அளவுகோல்கூட வேண்டாம், அவர் காலடி இந்தப் பக்கம் வந்தாலே போய்விடும். அம்மா வந்தால் முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும். கதவைத் திறக்காமலே வருவது யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மேலே வந்து காலி அறையைப் பார்த்தால் அது அழும். அழட்டும். நீ இல்லாத இடத்தில் அது அழுதால் எனக்குப் பரவாயில்லை.

எங்கே போகிறாய் என்று எனக்குச் சொல்லாதே. அம்மாவுக்கும் சொல்லாதே. எங்களுக்குத் தெரிந்தால் இதற்கும் தெரிந்துவிடும். சுருட்டையைப் பார்க்க ஒருநாள் வந்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. தினமும் சீவுகிறேன். காதுக்குள் ஈரம் இல்லாமல் துடைக்கிறேன். தனியாக விடுவதில்லை. நீ கவலைப்படாமல்

கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மாவாகத்தான் இருக்கும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வந்திருப்பாள்.

சுருட்டை சோம்பல் முறிக்கவில்லை. உன் செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகிறது. அக்கா, விடியும்வரை இருக்காதே, இதைப் பார்த்த உடனே போய்வி